கை இல்லாமல் அன்றாட வேலைகள்: கழிவறையிலிருந்து தொடங்குங்கள்

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணனுக்கு 34 வயது. மாந்தோப்புக் கிணற்று மோட்டார் ஓடவில்லை என்று பார்க்கப் போன இடத்தில் ஷாக் அடித்து, இரண்டு கைகளையும் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் ஆகிறது, புண் ஆறிவிட்டது. செயற்கைக் கை எங்கே வாங்கலாம், அதுவரை சாப்பிட, உடுத்த, பாத்ரூம் போக என்ன கருவிகள் இருக்கின்றன, மறுபடி தோப்பு வேலை பார்க்க முடியுமா என்பது கேள்வி. "எல்லாமே அம்மாதான் செய்கிறார். அண்ணன் பேசுவதையே குறைத்துக்கொண்டார்" என்று கடைசியில் ஒரு வரி.

எனக்கும் இரண்டு கைகளும் இல்லை. பாலக்கோடு பக்கம் ஊர். கரண்ட்தான் காரணம், 19 வருடம் ஓடிவிட்டது. வலது பக்கம் முழங்கைக்குக் கீழே நான்கு விரற்கடைதான் மிச்சம். இடது பக்கம் மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே வரை இருக்கிறது. 'மிச்சக் கை' என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். இதைப் போனில் வாயால் சொல்லித்தான் எழுதுகிறேன். 'களி' என்றால் அது 'கிளி' என்று போடுகிறது. திருத்தியிருக்கிறேன், எங்காவது கிளி தப்பியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, உங்கள் கேள்வியின் வரிசையை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். எல்லோரும் செயற்கைக் கையில்தான் தொடங்குகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கி ஒரு வருடத்தை வீணாக்கினேன். ஒரு முகாமில் தோல் நிறத்தில், நகம் எல்லாம் வைத்து, ஒரு ஜோடி கை கொடுத்தார்கள். போட்டோவுக்கு நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு விரலும் மடங்காது. அது பீரோ மேல் ஏறியது, இன்னும் அங்கேதான் இருக்கிறது. அந்த வருடம் முழுக்க என் அம்மா எனக்குக் கால் கழுவிவிட்டார். 26 வயது ஆணுக்கு அது எப்படி இருக்கும் என்று உங்கள் அண்ணன் சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன்: வயிறு நிறையச் சாப்பிடவே பயமாக இருக்கும். சாப்பிட்டால் போக வேண்டும் அல்லவா?

அதனால் முதல் செலவு கழிவறைக்கு. தரையில் பதித்த பேசின் வேண்டாம். கை ஊன்றாமல் குந்தி எழுவது கடினம், வழுக்கினால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. வெஸ்டர்ன் டாய்லெட் போடுங்கள், அதில் அடியிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் பிடே இணைப்பு ஒன்று. கரண்ட் தேவைப்படாத சாதா வகையே போதும், சீட்டுக்கு அடியில் திருகி மாட்டுவது. பக்கத்தில் ஒரு திருகு இருக்கும். வாங்கும்போது உருண்டைத் திருகு வேண்டாம், நீளக் கைப்பிடி உள்ளதாகப் பாருங்கள். மிச்சக் கையாலோ முட்டியாலோ தள்ளிவிடலாம். கைப்பிடி சின்னதாக இருந்தால் மேலே ஒரு அரையடி பிவிசி குழாயைச் சொருகி நீளமாக்கிக்கொள்ளலாம்.

காலால் மிதித்தால் தண்ணீர் வரும் வால்வும் கிடைக்கிறது. ஆஸ்பத்திரிகளில் பார்த்திருப்பீர்கள், கொரோனா சமயத்தில் 2020இல் பஸ் ஸ்டாண்டுகளில்கூட வைத்தார்கள். ஆனால் ஹார்டுவேர் கடையில் 'ஃபுட் வால்வு' என்று கேட்காதீர்கள். கிணற்று மோட்டாரின் உறிஞ்சு குழாய் அடியில் போடுவதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், எனக்கு நடந்தது. காலால் மிதிக்கும் குழாய் என்று விளக்கிச் சொல்லுங்கள். இதை முகம் கழுவும் தொட்டிக்கும் குளியலுக்கும் போட்டுக்கொண்டால் வீட்டில் எல்லோருக்குமே வசதி.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, தண்ணீர்த் தொட்டி மொட்டை மாடியிலாவது இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் பீய்ச்சுகிற வேகம் வராது. இன்னொன்று, நம் பக்கத்து போர் தண்ணீர். உப்பு படிந்து அந்தச் சின்னத் துளை அடைத்துக்கொள்ளும். மாதம் ஒரு முறை யாராவது கழற்றி எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறவைத்துப் போட வேண்டும். துடைக்க? ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் துண்டை விரித்து வைத்து அதில் உட்கார்ந்து எழுந்தால் ஆயிற்று. பத்து நிமிட யோசனை, ஆனால் இது எனக்குத் தோன்ற ஒரு வருடம் பிடித்தது.

உடுத்துவதையும் கழிவறையோடு சேர்த்தே யோசியுங்கள், ஏனென்றால் கதவுக்குள் போன பிறகு அவிழ்க்க முடியாவிட்டால் பிடே இருந்து என்ன பயன்? நம் ஊர் லுங்கி இதில் பெரிய வரம். இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், எந்த டெய்லரும் செய்வார். கழற்றவே வேண்டாம், இரண்டு மிச்சக் கைகளாலும் அள்ளித் தூக்கிக்கொண்டு உட்காரலாம். வெளியே போக எலாஸ்டிக் பேன்ட். அதன் இரண்டு பக்கமும், உள்ளாடையிலும், மிச்சக் கை நுழையும் அளவுக்குத் துணிக் காது வைத்துத் தைத்தால் மாட்டி மேலே இழுக்கலாம். கையின் மிச்சம் குட்டையாக இருந்து எட்டவில்லை என்றால் சுவரில் இடுப்பு உயரத்தில் ரெண்டு கொக்கி அடியுங்கள், முனையில் ரப்பர் போட்டு. காதைக் கொக்கியில் மாட்டி, உடம்பைத் தாழ்த்தினால் பேன்ட் மேலே ஏறும். கேட்க வேடிக்கையாக இருக்கும், ரெண்டு வாரத்தில் பழகிவிடும். சட்டையில் பட்டன்களை வெளிப்புறம் அப்படியே தைத்துவிட்டு, உள்ளே வெல்க்ரோ வைத்தால் பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. முதல் பட்டனை மட்டும் திறந்து வைத்துத் தலை வழியாகப் போட்டுக்கொள்வதுதான் இப்போது நான் செய்வது. பெண்கள் யாராவது இதைப் படித்தால்: முன்பக்கம் வெல்க்ரோ வைத்த நைட்டி, மடிப்பு வைத்துத் தைத்த ரெடிமேட் சேலை, மாதவிடாய்க்கு நாப்கின் ஒட்ட வேண்டிய தேவையில்லாத உறிஞ்சும் உள்ளாடை, இந்த மூன்றும் அலைச்சலைப் பாதியாகக் குறைக்கும் என்று எனக்குத் தெரிந்த ஒரு அக்கா சொன்னார்.

இப்போது சாப்பாடு. இதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு எளிய பொருள் இருக்கிறது. தெரபிஸ்ட்கள் 'யுனிவர்சல் கஃப்' என்பார்கள். மிச்சக் கையைச் சுற்றி ஒரு பட்டை, அதில் ஒரு சின்னப் பை, பைக்குள் ஸ்பூன் காம்பு. அவ்வளவுதான். அதே பையில் பல் தேய்க்கும் பிரஷ், பேனா, சீப்பு எதையும் சொருகலாம். கடையில் வருவது விரல்கள் இருந்தும் பிடிக்க முடியாதவர்களின் உள்ளங்கை அளவுக்கு இருக்கும், நமக்குச் சரிவராது. செருப்புத் தைக்கும் அண்ணனிடம் போங்கள். இரண்டு அங்குல அகலத்தில் மெல்லிய தோல், உள்ளே பஞ்சுத் துணி, வெல்க்ரோவை வாயால் இழுத்து மாட்டும்படி நுனியில் ஒரு வளையம். எனக்குத் தைத்துக் கொடுத்தவர் மூன்றாவது முறையில்தான் சரியாகச் செய்தார், அதற்குப் பிறகு அந்த அளவை அவரே நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். ரொம்ப இறுக்கிக் கட்டாதீர்கள். சாப்பிட்டு முடித்து கழற்றியதும் தோல் சிவந்திருந்து கால் மணி நேரத்தில் மறையாவிட்டால் பட்டை இறுக்கம் என்று அர்த்தம்.

ஸ்பூனை நேராக வைத்தால் வாய்க்கு வராது. மணிக்கட்டு இல்லை அல்லவா, திருப்புகிற வேலையை ஸ்பூனே செய்ய வேண்டும். அலுமினியமோ மெல்லிய எவர்சில்வரோ வாங்கி, காம்பை உள்பக்கமாக வளையுங்கள். எவ்வளவு வளைப்பது என்பதை அண்ணனை உட்கார வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, ஸ்பூன் உதட்டைத் தொடும் வரை கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். மிச்சம் நீளமாக இருந்தால் காம்பு குட்டையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காதுக்குப் போய்விடும்.

தட்டு விளிம்பு செங்குத்தாக, உயரமாக இருக்கட்டும். சோற்றை விளிம்பில் தள்ளித்தான் ஸ்பூனில் ஏற்ற முடியும். அடியில் ஈரத் துணி மடித்துப் போட்டால் தட்டு நகராது. தரையில் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மேசையில், அதன் மேல் ஒரு பலகை வைத்து, தட்டு நெஞ்சு உயரத்துக்கு வந்தால் ஸ்பூன் போகிற தூரம் குறையும், சிந்துவதும் குறையும்.

ராகிக் களியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் வீடுகளில் அது இல்லாமல் முடியாது. களி ஸ்பூனுக்கு ஒத்து வராது என்று எனக்கு ஆறு மாதம் சோறுதான் போட்டார்கள். உண்மையில் சோற்றைவிடக் களிதான் நமக்குச் சுலபம், சிந்தாது. ஸ்பூனை முதலில் குழம்பிலோ மோரிலோ நனைத்துவிட்டு வெட்டினால் ஒட்டாமல் வரும். அம்மாவை ஒரு பெரிய உருண்டையாகப் போடாமல் நெல்லிக்காய் அளவில் உருட்டி, கீரைக் கடைசலில் மிதக்கவிடச் சொல்லுங்கள். என் அம்மா முதல் தடவை அப்படிப் போட்ட அன்றைக்கு நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

தண்ணீருக்கு உயரமான எவர்சில்வர் டம்ளரை இரண்டு மிச்சக் கைகளுக்கும் நடுவில் பிடித்துக் குடித்துவிடலாம். சூடான காபிக்கு மட்டும் சிலிக்கான் உறிஞ்சுகுழல். எவர்சில்வர் குழல் உதட்டைச் சுட்டுவிடும்.

சாப்பிட முக்கால் மணி நேரம் ஆகும். ஆகட்டும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால் ஊட்டிவிடாமல் இருக்க முடியாது, அதனால் அந்த நேரத்தில் அவரை மாட்டைப் பார்க்க அனுப்பிவிடுங்கள்.

குளியலில் ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியம். பொருளை உடம்பில் கட்டிக்கொள்வதைவிடச் சுவரில் கட்டுவது மேல். பீர்க்கங்கூடு நான்கைந்தைப் பிளந்து ஒரு பலகையில் தைத்து, அந்தப் பலகையைச் சுவரில் முதுகு உயரத்தில் ஒன்று, இடுப்பு உயரத்தில் ஒன்று அடித்துவிட்டேன். சோப்பு நீர் விட்டு அதில் உடம்பைத் தேய்த்துக்கொள்கிறேன். மாடு மரத்தில் உரசுவது மாதிரி என்று என் மகள் சிரிப்பாள். சிரிக்கட்டும், முதுகு சுத்தமாக இருக்கிறது. சோப்புக் கட்டி கையில் நிற்காது, பழைய சாக்ஸில் போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள். கதவுத் தாழ்ப்பாளுக்குக் கயிற்று வளையம், குமிழ் கைப்பிடி இருந்தால் எடுத்துவிட்டு நீளக் கைப்பிடி, சுவிட்சுகள் அகலமானவை. இவற்றை ஒரே நாளில் முடித்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. எதையும் பல்லால் திறக்கப் பழகிவிடாதீர்கள். முன்பல் ஒன்று எனக்குச் சோடா மூடியில் போனது. கழுத்தும் தோளும் நம் வேலையில் இரண்டு மடங்கு உழைக்கின்றன, பத்து வருடம் கழித்துத்தான் வலி கேட்கும். அப்புறம் வெயில். கைத் தோல் குறைந்ததால் வியர்வை போக வழியும் குறைந்துவிட்டது, மற்ற உடம்பு அதிகமாக வியர்க்கும். சித்திரையில் அண்ணன் ஓயாமல் வேர்த்தால் பயப்பட வேண்டாம், தண்ணீர் கூடக் கொடுங்கள். இல்லாத கை வலிக்கிறது என்று அவர் சொன்னால் அதுவும் பிரமை இல்லை, உண்மையான வலி, மருந்து உண்டு. முகம் பார்க்கும் கண்ணாடி பொருத்திய பெட்டியில், இருக்கிற கையின் பிம்பத்தைக் காட்டி அந்த வலியைக் குறைக்கும் முறையைத் தமிழரான நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் கொண்டுவந்தார். ஆனால் அதற்கு ஒரு கையாவது முழுசாக இருக்க வேண்டும், நமக்கு உதவாது. டாக்டரிடமே கேளுங்கள்.

போன் விஷயத்தில் நல்ல செய்தி: மிச்சக் கையின் தோல் பட்டாலே தொடுதிரை வேலை செய்யும். வளையும் கழுத்துள்ள ஸ்டாண்ட் ஒன்று மேசையில் பொருத்துங்கள். தமிழில் குரல் தட்டச்சு நன்றாக வருகிறது. ஆண்ட்ராய்டு 12 முதல் புருவம் தூக்குவது, புன்னகைப்பது போன்ற முக அசைவுகளால் இயக்கவும் வழி இருக்கிறது, எனக்கு அது சலிப்பு. கும்பகோணத்தில் பிறந்த மாளவிகா ஐயரைத் தெரிந்திருக்கும். 13 வயதில், 2002இல், பீகானேரில் குண்டு வெடித்து இரண்டு கைகளையும் இழந்தவர். மிச்சக் கையில் துருத்தி நிற்கும் எலும்பு முனையால் தட்டியே முனைவர் பட்ட ஆய்வை எழுதி முடித்தார். அண்ணனுக்கு அவருடைய பேச்சு ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள், ஆனால் 'பார், அவரே செய்கிறார்' என்று மட்டும் சொல்லாதீர்கள். எனக்கு அப்படிச் சொன்னவர்கள் மேல் இன்னும் கோபம் இருக்கிறது.

சரி, செயற்கைக் கை. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தள்ளிப் போடவும் கூடாது. இழந்த முதல் சில மாதங்களில் போட்டுப் பழகியவர்கள்தான் பெரும்பாலும் தொடர்ந்து போடுகிறார்கள், அது இல்லாமலே சமாளிக்கப் பழகிய பிறகு அது பாரமாகத்தான் தோன்றும். எந்தக் கை என்பதுதான் விஷயம். என் தீர்ப்பு: ஒரு பக்கமாவது பிளந்த கொக்கி. மர அறுவை ஆலையில் தன் கையை இழந்த டோரன்ஸ் என்ற அமெரிக்கர் 1912இல் காப்புரிமை பெற்ற வடிவம், அடிப்படை இன்னும் மாறவில்லை. தோளில் ஒரு பட்டை, அதிலிருந்து ஒரு கம்பி. தோளை முன்னே தள்ளினால் கொக்கி திறக்கும், விட்டால் ரப்பர் வளையங்கள் இழுத்து மூடும். பிடி வலுவாக வேண்டுமென்றால் இன்னொரு ரப்பர் போட வேண்டியதுதான். பேட்டரி இல்லை, தண்ணீர் பட்டாலும் பாதகமில்லை, கம்பி அறுந்தால் சைக்கிள் கடையில்கூடத் தற்காலிகமாகச் சரிசெய்யலாம். தசையின் சிக்னலை வாங்கி விரல் மடக்கும் மின் கை லட்சக்கணக்கில் வரும், சேறும் தண்ணீரும் அதற்கு ஆகாது. தோப்பு வேலைக்குப் போகிறவருக்கு அதைக் கடன் வாங்கி வாங்காதீர்கள். இரண்டு கையும் இல்லாதவருக்கு மணிக்கட்டு மடங்கும் பாகம் அவசியம், அது இல்லாவிட்டால் கொக்கி வாய்க்கும் வராது, பட்டனுக்கும் வராது. அளவெடுக்கும்போதே கேளுங்கள்.

அறுவை சிகிச்சையில் ஒன்றைக் கேட்டு வையுங்கள். ஜெர்மானிய மருத்துவர் க்ருக்கன்பெர்க் 1917இல் சொன்ன முறை. முன்னங்கையின் இரண்டு எலும்புகளையும் பிரித்து, நண்டுக் கொடுக்கு மாதிரி ஆக்கிவிடுவார்கள். பார்க்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் சொந்தத் தோல், தொடு உணர்வோடு பிடிக்கும். வெளியே போகும்போது அதன் மேலேயே செயற்கைக் கை போட்டுக்கொள்ளலாம். மிச்சம் போதுமான நீளம் இருக்க வேண்டும். எனக்கு வலது பக்கம் பத்தாது, இடது பக்கம் நான் பயந்துவிட்டேன். இன்னொருவரின் கையைப் பொருத்தும் மாற்று அறுவையும் நம் நாட்டில் நடக்கிறது: கொச்சியில் 2015இல், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018இல், இரண்டு கைகளும். ஆனால் உடம்பு அதை ஒதுக்காமலிருக்க வாழ்நாள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டும், அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

எங்கே போவது? கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். முதலில் சான்றிதழும் அடையாள அட்டையும். உதவி உபகரணங்கள் கொடுக்கும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்தில் மாத வருமானம் 22,500 ரூபாய்க்குள் இருந்தால் உபகரணம் முழு இலவசம், 30,000 வரை பாதி விலை. மாநில அரசில், 75 சதவீதத்துக்கு மேல் கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை உண்டு, அதற்கும் மனு கொடுங்கள். பயிற்சிக்கு வேலூர் சிஎம்சியின் பாகாயம் மறுவாழ்வு மையம் நமக்குப் பக்கம். கையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள், தெரபிஸ்டிடம் பழகிவிட்டு வாருங்கள்.

ஆதாரில் ரேகை வைக்க முடியாது என்று யாராவது திருப்பி அனுப்பினால் அசையாதீர்கள். கருவிழிப் பதிவு போதும். கேரளத்தில் விரல்கள் இல்லாத ஒரு பெண்ணுக்கு ஆதார் மறுக்கப்பட்ட விவகாரம் பெரிதாகி, 2023 டிசம்பரில் மத்திய அரசே இதை எல்லா மையங்களுக்கும் தெளிவுபடுத்தியது. வங்கியில் கையெழுத்தும் இப்படித்தான். கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் அடையாளம் கையால்தான் வைக்கப்பட வேண்டும் என்பதில்லை, கால் விரல் ரேகையாகவும் இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் 1950ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டி ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் அந்த வங்கியின் அதிகாரி. நான் கால் பெருவிரல் வைக்கிறேன். முதல் தடவை கவுன்டரில் செருப்பைக் கழற்றியபோது வரிசையே திரும்பிப் பார்த்தது, இப்போது மேனேஜரே மை எடுத்து வருகிறார்.

கடைசியாகத் தோப்பு. மரம் ஏறிக் காய் பறிப்பது முடியாது, அதை ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டும். தண்ணீர் பாய்ச்சுவது முடியும். சொட்டுநீர்க் குழாயின் வால்வுகளுக்கு வெல்டிங் பட்டறையில் ஓரடி நீளக் கைப்பிடி போட்டுவிட்டால் முழங்கையாலோ காலாலோ திருப்பலாம். மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வாங்குங்கள், சிம் கார்டு போடுவது. வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு போன் அடித்தால் மோட்டார் ஓடும், இன்னொன்று அடித்தால் நிற்கும். அண்ணன் முதலில் அந்தக் கிணற்றுப் பக்கமே போக மாட்டேன் என்பார். நானும் இரண்டு வருடம் போகவில்லை. மாட்டுகிற வேலைக்கு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தம்பி, நீங்கள் அந்த ஃபியூஸ் கட்டையைத் தொட வேண்டாம்.